ஸ்பொன்சர் விண்ணப்பம் இரண்டு ஆண்டுகளாக நகரவில்லை: நான் என்ன செய்வது?

கேள்வி:

எனக்கு வயது 31. வலிகாமத்தில் பெற்றோருடன் இருக்கிறேன். கணவர் ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை செய்கிறார், கனேடியப் பிரஜை. திருமணத்துக்கு மூன்று கிழமை லீவில் வந்தார். எழுத்தும் தாலிகட்டும் அதற்குள்ளேயே முடிந்தன. என்னைக் கனடாவுக்கு அழைக்க அவர் ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டு 26 மாதங்கள் ஆகின்றன. முதல் ஆறு மாதத்துக்குள் அவருக்குத் தகுதி உண்டு என்று கடிதம் வந்தது, நான் கொழும்புக்குப் போய்க் கைரேகை கொடுத்தேன், மெடிக்கல் செய்தேன். அது காலாவதியாகி இரண்டாம் முறையும் செய்துவிட்டேன். அதன்பின் ஒரு செய்தியும் இல்லை.

ஒரு வருடத்தில் போய்விடுவாய் என்று எல்லோரும் சொன்னதால் முன்பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டேன். சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் கட்டியபடியே இருக்கிறது. கொண்டுபோக என்று வறுத்து இடித்த தூளை மூன்று முறை மாற்றிவிட்டேன். கோயிலுக்குப் போனால் "இன்னும் விசா வரவில்லையா" என்று கேட்கிறார்கள், போவதை நிறுத்திவிட்டேன். சென்ற ஆண்டு அவர் இரண்டு கிழமை வந்து நின்றார். கோப்பு குழம்பிவிடும் என்ற பயத்தில் பிள்ளை வேண்டாம் என்று தள்ளிப்போட்டோம். மாமி அதைப் பற்றியும் கேட்கிறார். இப்போது தொலைபேசி எடுத்தாலே சண்டை. "என்ன நடக்கிறது என்று பாருங்கள்" என்றால் "நான் என்ன செய்ய" என்கிறார். எதையோ மறைக்கிறாரோ என்றும் சில வேளைகளில் தோன்றுகிறது. இரவில் தூக்கம் இல்லை. நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அந்தத் தூளைப் பற்றியது. மிளகாயையும் மல்லியையும் வெயிலில் காயவைத்து, வறுத்து, இடித்து, பொதி கட்டி வைப்பது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். அதை மூன்று முறை செய்து, மூன்று முறையும் மணம் போனபின் எடுத்திருக்கிறீர்கள். இந்த 26 மாதங்கள் உங்களை எப்படி வைத்திருக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

நான் ரொறன்ரோவில் குடும்ப உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். அதற்கு முன் பல ஆண்டுகள், புதிதாக வந்தவர்களுக்கு உதவும் நிலையம் ஒன்றில் இதே ஸ்பொன்சர் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் மேசையில் இருந்தேன். சட்டத்தரணி அல்ல. கோப்புகளையும் பார்த்திருக்கிறேன், அவற்றின் இரு பக்கமும் காத்திருந்த மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் கோப்பைப் பற்றிப் பேசுவோம். அது தெளிவில்லாதவரை மனதுக்கு எந்த ஆறுதல் சொன்னாலும் ஒட்டாது.

கனடாவின் குடிவரவுத் திணைக்களம் வாழ்க்கைத்துணை விண்ணப்பங்களுக்கு 12 மாதங்கள் என்று ஒரு காலத்தை வைத்திருக்கிறது. பெரும்பாலான கோப்புகளை அதற்குள் முடிப்பது தங்கள் இலக்கு என்பதுதான் அதன் பொருள். ஒவ்வொரு கோப்புக்கும் கொடுத்த வாக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் உறவினர்கள் "ஒரு வருடத்தில்" என்று சொன்னது இந்த எண்ணைக் கேட்டுத்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணை நம்பி நீங்கள் வேலையை விட்டுவிட்டீர்கள். இதே காரணத்துக்காக வேலையை விட்ட பெண்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

உங்கள் கணவருக்குத் தகுதி உண்டு என்று கடிதம் வந்துவிட்டது. கைரேகை கொடுத்தாயிற்று, அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். மெடிக்கல் 12 மாதங்களுக்கே செல்லும் என்பதால்தான் இரண்டாம் முறை செய்ய வேண்டி வந்தது. இவ்வளவும் முடிந்த கோப்பு ஓரிடத்தில் நிற்கிறது என்றால், என் அனுபவத்தில் அது பெரும்பாலும் பின்னணிச் சோதனையில்தான் நிற்கும். அந்தச் சோதனையைக் குடிவரவுத் திணைக்களம் தனியாகச் செய்வதில்லை; எல்லைச் சேவைகள் முகவரகமும் பாதுகாப்புப் புலனாய்வுச் சேவையும் அதில் உண்டு. கோப்பு அவர்கள் மேசைக்குப் போனால், திரும்பி வரும்வரை விசா அதிகாரியால் கையொப்பம் இட முடியாது. வடக்கில் பிறந்து போர்க்காலத்தில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலரின் கோப்புகள் அங்கே மாதக்கணக்கில் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். அப்படிக் கிடப்பதால் உங்கள் மேல் ஏதோ சந்தேகம் விழுந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வரிசையில் கிடக்கும் கோப்பும் சந்தேகத்தில் கிடக்கும் கோப்பும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

நம்மவர் கோப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரைத்தான் அந்தப் பெட்டியில் எழுதுகிறோம். ஒரே தந்தை பெயர் பிறப்பத்திர மொழிபெயர்ப்பில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதமாகவும் ஆங்கில எழுத்தில் வந்திருக்கும். தமிழில் படிக்கும் நமக்கு அது ஒரே பெயர். ஆங்கிலத்தில் மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு அது மூன்று ஆட்கள். உங்கள் பத்திரங்களை ஒருமுறை மேசையில் பரப்பி வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கோப்பில் சேர்க்கச் செய்யுங்கள்.

இனி உங்கள் கணவர் செய்யக்கூடிய, ஆனால் இதுவரை செய்யாததாக எனக்குத் தோன்றும் ஒரு காரியம். கனடாவில் இருப்பவர் எவரும் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் ஒரு கோப்பின் உள்குறிப்புகளைக் கேட்டுப் பெறலாம். கட்டணம் 5 டொலர். விண்ணப்பதாரி நீங்கள் என்பதால், உங்கள் கையொப்பமிட்ட சம்மதப் படிவத்தை அவர் இணைக்க வேண்டும். சட்டப்படி 30 நாட்களில் பதில் வர வேண்டும். சில நேரம் நீட்டிப்பார்கள். வரும் பக்கங்களில் பாதி கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருக்கும். ஆனாலும் மருத்துவம் முடிந்ததா, உறவின் உண்மைத்தன்மையில் கேள்வி எழுந்ததா, பின்னணிச் சோதனை எந்த நாளில் தொடங்கியது என்பவை பெரும்பாலும் தெரிந்துவிடும். "ஒன்றும் தெரியவில்லை" என்ற இருட்டில் இருப்பதைவிட "இந்த இடத்தில் நிற்கிறது" என்று அறிந்து காத்திருப்பது எவ்வளவோ மேல். அந்தக் குறிப்புகளைப் பெற்ற அன்று இரவு நன்றாகத் தூங்கியதாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோப்பு ஓர் அங்குலமும் நகரவில்லை, தூக்கம் மட்டும் வந்தது.

குறிப்புகள் கைக்கு வந்ததும், அவர் வசிக்கும் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போகட்டும். அங்கே இதற்கென்றே ஊழியர்கள் இருப்பார்கள். திணைக்களத்திடம் நேரடியாக விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை. அவர்களால் உத்தரவிட முடியாது, ஆனால் தூசி தட்ட வைக்க முடியும். அதற்கும் பலன் இல்லாமல் மேலும் மாதங்கள் கழிந்தால், முடிவெடுக்குமாறு திணைக்களத்துக்கு உத்தரவிடக் கோரி கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகும் வழி உண்டு. தாமதம் இயல்பை மீறியதா, அதற்கு விண்ணப்பதாரி காரணமா, திணைக்களம் ஏற்கத்தக்க விளக்கம் தந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். முடிவைச் சொல் என்றுதான் நீதிமன்றம் பணிக்கும். விசா கொடு என்று பணிக்காது. இதற்குச் செலவாகும், சட்டத்தரணி வேண்டும். உங்கள் கோப்பு அந்த இடத்தை நெருங்குகிறது என்பது என் கருத்து. உள்குறிப்புகளோடு ஒரு சட்டத்தரணியைப் பார்த்தால் அவர் திட்டவட்டமாகச் சொல்வார்.

பணம் கொடுத்தால் கோப்பை முன்னால் நகர்த்தித் தருகிறேன் என்று யாராவது வந்தால், அது ஊர் ஆளாக இருந்தாலும் உறவாக இருந்தாலும், கதவைச் சாத்திவிடுங்கள். அப்படி ஒரு வழி இல்லை. கனடாவில் காசு வாங்கி ஆலோசனை சொல்பவர் சட்டத்தரணியாகவோ உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். உரிமம் உண்டா என்பதைப் பொதுப் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம்.

வருகை விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்ததாக யாராவது சொல்வார்கள். விண்ணப்பிக்கலாம். நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பித்திருப்பவர் தற்காலிகமாக வர விரும்புவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் திரும்பிப் போவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். வேலை இல்லாத நிலையில் அதைக் காட்டுவது கடினம். மறுத்தால் ஸ்பொன்சர் கோப்பு அதனால் விழுந்துவிடாது. ஸ்பொன்சர் விண்ணப்பம் இருப்பதை மட்டும் ஒருபோதும் மறைக்காதீர்கள். பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து ஆண்டுகளுக்குத் தடை.

இப்போது உங்கள் கணவரைப் பற்றி. அவர் எதையோ மறைக்கிறாரோ என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை நான் அறியேன். அவருக்காகச் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் அவரைப் போன்ற கணவன்மார் பலர் என் முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வந்து காரில் ஏறுவாராம். வாகனத்தை எடுக்கமாட்டாராம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பத்து நிமிடம், சில நாட்களில் அரை மணி நேரம், அப்படியே இருப்பாராம். "இன்றைக்கும் ஒன்றும் வரவில்லை என்பதை எந்தச் சொல்லில் சொல்வது என்று யோசிப்பேன் அக்கா. எல்லாச் சொல்லையும் சொல்லித் தீர்த்துவிட்டேன்." அதன்பின் மனைவியை அழைப்பார், அவள் கேட்பாள், இவர் எரிந்து விழுவார். அவரிடம் மறைக்க ஒன்றுமே இருக்கவில்லை, சொல்ல ஒன்றும் இல்லை என்ற வெட்கத்தைத் தவிர. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒரு பெண்ணின் வீட்டாருக்குச் சொல்லிவிட்டு, சொன்னபடி செய்ய முடியாத ஆண் தன்னைப் பற்றி என்ன நினைப்பான் என்பதை நம் சமூகம் பேசுவதே இல்லை.

"நான் என்ன செய்ய" என்பது அவரிடமிருந்து வந்த எரிச்சலாக உங்களுக்குக் கேட்டது. அது உண்மையான கேள்வியாகவும் இருக்கலாம். உள்குறிப்பு, நாடாளுமன்ற உறுப்பினர், சட்டத்தரணி என்று மேலே எழுதியதை அப்படியே அவருக்கு அனுப்புங்கள். செய்யத் தொடங்கினால் உங்கள் சந்தேகத்துக்கு விடை கிடைக்கும். காரணம் சொல்லாமல், சம்மதப் படிவம் கையில் இருந்தும் மாதக்கணக்கில் தட்டிக்கழித்தால், அப்போது எனக்கு மீண்டும் எழுதுங்கள். அது வேறு உரையாடல்.

தொலைபேசிப் பேச்சை இரண்டாகப் பிரியுங்கள். கோப்பைப் பற்றிப் பேச வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் யாராவது கோப்பு என்று தொடங்கினால் மற்றவர் "ஞாயிறு" என்று சொல்லிவிடட்டும். முதல் இரண்டு வாரம் பேச ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும், பயப்படாதீர்கள். மூன்று வாரம் மட்டுமே ஒன்றாக இருந்து கல்யாணம் செய்த இருவர், அதன்பின் பேசியதெல்லாம் படிவமும் ரசீதும் என்றால், உங்களுக்குள் இன்னும் தொடங்காத பேச்சு நிறைய இருக்கிறது. அவர் இரவு வேலை முடித்து வரும்போது உங்களுக்கு மாலை ஐந்து, ஆறு மணி. அவர் சமைக்கும்போது தொலைபேசியை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் முற்றம் கூட்டும்போது அவரைக் கூட இருக்கவிடுங்கள். ஒவ்வொரு நிமிடமும் பேச வேண்டும் என்றில்லை.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஸ்பொன்சர் கோப்பு உறவுக்குச் சான்று கேட்கிறது: படங்கள், அழைப்புப் பதிவுகள், அனுப்பிய பணத்தின் ரசீது. அது சட்டத்தின் தேவை. திருமணம் உண்மையானதா, குடிவரவுக்காகச் செய்ததா என்று அதிகாரி பார்த்தே ஆக வேண்டும். ஆனால் மெல்ல மெல்ல ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதும் படத்துக்காக, அவர் அனுப்பும் அன்பான வரியும் ஸ்கிரீன்ஷாட்டுக்காக என்றாகிவிடுகிறது. ஓர் அதிகாரி எந்நேரமும் அறையின் மூலையில் நின்று பார்ப்பது போல இருவரும் வாழத் தொடங்குகிறார்கள். சான்றுக்கு மாதம் நான்கு படம் போதும். அவருக்கு எழுதும் கடிதம் ஒன்றாவது, எந்த அதிகாரிக்கும் காட்டாத கடிதமாக இருக்கட்டும்.

உங்கள் தூக்கமின்மைக்கும் கோபத்துக்கும் ஒரு பெயர் உண்டு. போலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1970களில் இதை ஆராய்ந்து 'தெளிவற்ற இழப்பு' என்று அழைத்தார். போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்துத்தான் அவர் தொடங்கினார். ஒருவர் மனதில் முழுதாக இருக்கிறார், வீட்டில் இல்லை. இழந்துவிட்டோம் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று வாழவும் முடியாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவில் அமர்ந்திருக்கும் மண்ணில் இருக்கும் உங்களுக்கு இந்தச் சொல்லை எழுதவே கை தயங்கியது. அந்த வலியோடு உங்கள் காத்திருப்பை நான் ஒப்பிடவில்லை. ஆனால் முடிவு தெரியாத ஒன்று மனிதரைக் களைக்கச் செய்யும் விதம் ஒன்றேதான். நீங்கள் பலவீனமானவர் என்பதால் இப்படி ஆகவில்லை.

ஆகவே வேலைக்குத் திரும்புங்கள். இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும்தான் நீங்கள் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். பழைய முன்பள்ளியில் இடம் இல்லாவிட்டால் இன்னொன்று, அதுவும் இல்லாவிட்டால் மாலையில் வீட்டு விறாந்தையில் நான்கு பிள்ளைகளுக்குப் பாடம். வேலை செய்வதால் கோப்புக்கு எந்தக் கேடும் இல்லை. புதிய வேலை தொடங்கியதை இணையப் படிவத்தில் ஒரு வரியில் அறிவித்தால் போதும். "இடையில் விசா வந்தால் பாதியில் விட்டுப்போக வேண்டுமே" என்று தயங்குவீர்கள். வந்தால் விட்டுப் போங்கள். அனுமதி வந்தபின் பாஸ்போர்ட் அனுப்பி, டிக்கெட் எடுத்துப் புறப்படச் சில வாரங்களாவது இருக்கும். பள்ளிக்கூடம் அதற்குள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். அனுபவச் சான்றிதழும் கையில் இருக்கும். கனடாவில் சிறுவர் பராமரிப்புத் துறையில் வேலை தேடும் நாளில், ஆண்டுக்கணக்கான இடைவெளிக்கும் தொடர்ந்த அனுபவத்துக்கும் உள்ள வேறுபாடு பெரியது. அதோடு ஆங்கிலம். இதை எத்தனையோ பெண்கள் வந்திறங்கிய பின் என் மேசைக்கு முன்னால் இருந்து தொடங்கினார்கள், அதுவும் குளிர்காலத்தில், இரண்டு பஸ் மாறிப் போய். உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது.

கோயிலுக்கும் போங்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் வேறு பேச்சு தெரியாமல் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: "கடிதம் வந்தால் உங்களுக்குச் சொல்லாமல் இருப்பேனா மாமி? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" இரண்டாவது வாக்கியம் முக்கியம். தன் மூட்டுவலியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் உங்கள் விசாவை மறந்துவிடுவார்கள்.

பிள்ளை விடயம். குழந்தை பிறந்தால் கோப்பு குழம்பும் என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது, அது தவறு. மறைத்தால்தான் குழம்பும். உங்கள் கணவர் கனேடியக் குடியுரிமை பெற்றபின் அவருக்கு யாழ்ப்பாணத்தில் பிறக்கும் குழந்தை பிறப்பிலேயே கனேடியப் பிரஜை. அதற்குக் குடியுரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும், பிறப்பை உங்கள் கோப்புக்கும் அறிவிக்க வேண்டும். கருவுற்றிருக்கும்போது மெடிக்கலுக்கு அழைத்தால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நெஞ்சு எக்ஸ்ரே இருப்பதால். கணவர் பிரஜையாகாமல் நிரந்தர வதிவிடத்தில் மட்டும் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் குழந்தையின் பெயரைக் கட்டாயம் விண்ணப்பத்தில் சேர்த்து மருத்துவப் பரிசோதனைக்கும் உட்படுத்துங்கள். அறிவிக்காமல் விட்ட பிள்ளையைப் பின்னால் ஸ்பொன்சர் செய்ய முடியாமல் தவிக்கும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அகதியாக ஏற்கப்பட்டு இன்னும் குடியுரிமை பெறாத கணவர், மனைவியைப் பார்க்க இலங்கைக்கே வந்து போவதும் அவருடைய அந்தஸ்தைப் பறிக்கக்கூடியது. சட்டத்தரணியைக் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

பிள்ளை இப்போது வேண்டுமா என்பதை நீங்கள் இருவரும் மட்டும் முடிவு செய்யுங்கள். தனியாகப் பெற்று வளர்க்கும் பாரம் உங்கள் தோளில்தான் விழும், மாமியின் தோளில் அல்ல. ஆனால் 31 வயதில், ஒரு விசா அதிகாரியின் நாட்காட்டியைப் பார்த்து அந்த முடிவை எடுக்காதீர்கள்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், சாப்பாடு இறங்காவிட்டால், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். அங்கே போவது உங்கள் விசாவைப் பாதிக்கும் என்று பயந்து உதவி தேடாமல் இருந்துவிடாதீர்கள். அந்தப் பயத்தால் மாதக்கணக்கில் துன்பத்தை விழுங்கியவர்களை நான் அறிவேன்.

சம்மதப் படிவத்தில் இந்த வாரமே கையொப்பமிட்டு அவருக்கு அனுப்பிவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் சூட்கேஸை இழுத்து, சேலைகளை அலுமாரியில் அடுக்குங்கள். அந்தத் தூளில் இன்னும் மணம் இருந்தால் இன்றைக்கே ஒரு மீன் குழம்பு வையுங்கள். புறப்படும் நாள் வந்தால் புதிதாக வறுத்து இடிக்க இரண்டு நாள் போதும். அம்மாவும் கூட நின்று உதவுவார்.